அக்கா காதில் விழுந்த சிரிப்பு

சிரிப்பைத் தரம் பிரிப்பதற்குத்தான் என் அக்காவுக்குச் சம்பளம். காது கேளாதவர்களுக்காக ஆங்கிலப் படங்களுக்கு சப்டைட்டில் போடுகிறாள். திரையில் ஒருவன் சிரித்தால், எப்படிச் சிரித்தான் என்று கூடவே ஒரு சொல் சேர்க்க வேண்டும். ஆக்வர்ட்லியா, அன்கம்ஃபர்டபிளியா, அன்ஈசிலியா என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே சிரிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். வீட்டில் அவள் எதிரே நிம்மதியாகச் சிரிக்க முடியாது.

அப்படிப்பட்டவளிடம்தான் நான் கட்டிக்கொள்ள நினைத்தவரை அழைத்து வந்தேன். அவர் வெளியூரில் லிஃப்ட் மெக்கானிக். அக்கா வேண்டாம் என்றால் எனக்கும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன்.

அவர் சோபா நுனியில் உட்கார்ந்துகொண்டு, டீ சூடா இருக்கா என்று கேட்டதற்குக்கூடச் சிரித்தார். "அடுத்த மாசமே கல்யாணத்தைப் பதிவு பண்ணிடலாம். அப்புறம் இவங்க என் ஊருக்கே வந்துடுவாங்க" என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அக்கா கப்புகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன்.

"சொல்லுக்கா, அவர் சிரிப்பு எப்படி?"

"ஆக்வர்ட்லி. கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாத சிரிப்பு. ரெண்டு தடவை வந்து போனா சரியாயிடும்."

"அன்கம்ஃபர்டபிளி இல்லையே?"

"அதுவும் கொஞ்சம் இருந்துச்சு. நம்ம சோபா ஸ்பிரிங் குத்தினா யாருக்கும் இருக்கும்."

எனக்கு உயிர் வந்தது. "அப்போ ஓகேதானே?"

அக்கா குழாயை மூடினாள். "அன்ஈசிலியா ஒருத்தங்க சிரிச்சாங்க. உள்ள பயத்தை வெச்சுக்கிட்டு வெளியே சிரிக்கிறது. அவர் இல்ல. நீ."

ஊர் மாறினால் முட்டி மோதி வாங்கிய என் ஆய்வக வேலை போய்விடும். அதைச் சொன்னால் அவரும் போய்விடுவாரோ என்று பயந்து, பேச்சு வரும்போதெல்லாம் சிரித்தே மழுப்பிக்கொண்டிருந்தேன்.

"என் காதுக்கு எதுக்குப் பரீட்சை வைக்கிற? உன் பயத்தை அவர்கிட்ட போய்ச் சொல்லு."

கூடத்துக்குப் போனேன். "என்னால வேலையை விட முடியாது. ஊர் மாறவும் முடியாது" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. லிஃப்ட் எல்லா ஊர்லயும்தான் பாதி வழியில நிக்குது. நான் இங்க வந்துடறேன்" என்றவர் சிரித்தார்.

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றிருந்தாள்.

"இதுக்குப் பக்கத்துல ஒண்ணும் சேர்க்க வேண்டாம்டி" என்றாள். "வெறும் சிரிப்பு."