திருப்பி வைத்த ரிக்கற்

எங்கள் வாட்டில் ஊசி போட்டதற்கு இரண்டு அடையாளங்கள் இருந்தன. மூத்த தாதியான மாகிரட் அக்கா போட்டதும், கட்டில் தலைமாட்டில் தொங்கும், நோயாளியின் மருந்துக் குறிப்பு எழுதிய ரிக்கற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார். எல்லாருக்கும் போட்ட பிறகு ரிக்கற்றுகளைச் சேர்த்தெடுத்து, மேசையில் இருந்து ஒரேயடியாகக் கையெழுத்து வைப்பார். முப்பது வருடப் பழக்கம். இன்பமலர் பயிற்சி முடித்து வந்து ஆறு வாரம். போட்ட கையோடு கையெழுத்து விழாவிட்டால், அவளுக்கு அது போட்ட ஊசியே அல்ல.

வாட்டுச் சிஸ்டரான எனக்கு இரண்டும் தெரியும். இன்பமலர் வந்த வாரமே, படுக்கை விரிப்பு மடிப்பதில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குப் பேனை பிடிக்க மட்டுந்தான் தெரியும்" என்றார் அக்கா.

"அக்கா ஞாபகத்திலயே ஆசுப்பத்திரி நடத்துவா" என்றாள் இவள்.

ஊசி விடயத்தையும் எடுத்தால் அக்கா என்மேல் பாய்வார் என்று பயந்தேன். ஆளுக்குப் பாதி வாட்டாகப் பிரித்துக் கொடுத்தேன். அதைச் சாமர்த்தியம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அன்று காலை, அக்கா ஊசி போட்டுக்கொண்டிருக்கையில் தாதிகளுக்குத் தலைவியான மேற்றன் அவரைக் கூப்பிட்டனுப்பினார். மிச்சக் கட்டில்களைப் பார்க்கும்படி இன்பமலரிடம் நான்தான் சொன்னேன்.

ஒன்பதரைக்குச் சித்தி பரீதா என்ற பெண் ஓடிவந்தார். நீரிழிவுக்காரரான புருஷன் ஸெய்னுதீனோடு கிண்ணியாவிலிருந்து வந்து, நான்கு நாளாய் அவர் கட்டிலடியிலேயே இருப்பவர்.

"மிஸ்ஸி, இவருக்கு என்னெண்டு பாருங்க. தெப்பமா வேர்க்குது. என்னைப் பாத்து நீ ஆரெண்டு கேக்கிறார்."

ஸெய்னுதீனின் கை குளிர்ந்து வழுக்கியது. காலைக் கஞ்சி பாதியில் கிடந்தது. ரிக்கற் நேராகத் தொங்கியது. இன்சுலினுக்கு நேரே இன்பமலரின் கையெழுத்து.

"இது திரும்பிக் கிடந்ததோ?" என்று இன்பமலரிடம் கேட்டேன்.

"ஓம் சிஸ்டர். நேராக்கிப்போட்டுத்தான் ஊசி போட்டனான்."

பின்னால் வந்து நின்ற மாகிரட் அக்கா கையெழுத்தைக் குனிந்து பார்த்தார். "அவருக்கு நான் அப்பவே போட்டிட்டனே..."

இரண்டு ஊசியில் இரத்தத்துச் சீனி இறங்கிவிட்டது. இன்பமலரை டொக்டரிடம் அனுப்பிவிட்டுச் சீனி தேடிக் குசினிக்கு ஓடினேன். சீனி கிடைக்காத வருடம் அது. டின் வெறுமையாக இருந்தது. "ஆரிட்டயாவது இனிப்பு இருக்கோ?" என்று கத்தினேன். சித்தி பரீதா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு பனங்கட்டியை நீட்டினார்.

"அவருக்குக் குடுக்கேல்ல மிஸ்ஸி, அல்லாஹ் அறிய. என்ட தேத்தண்ணிக்குத்தான் ஒளிச்சு வச்சன்."

கரைத்துக் கொண்டுவருவதற்குள் ஸெய்னுதீனுடைய பல் கிட்டிவிட்டது. டொக்டர் இரத்தினசிங்கம் வந்தார். குளுக்கோஸ் ஏற்ற இன்பமலர் நரம்பைத் தேடினாள். இரண்டு இடத்தில் தடவியும் பிடிபடவில்லை.

"நான் கையைப் பிடிக்கிறன். நீ குத்து" என்றார் அக்கா.

நான் நாடியை எண்ணினேன். எண்ணிக்கை தவறியது. திரும்பவும் தொடங்கினேன். ஒரு மனிதர் என் விரலடியில் செத்துக்கொண்டிருந்தார். என் மனமோ ஓரமாக நின்று, இந்தப் பிழைக்கு யாருடைய பெயரை எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

குளுக்கோஸ் ஏறிய சிறிது நேரத்தில் அவர் கண் திறந்தார். "பரீதா, ஏன் அழுறாய்?"

டொக்டர் எங்களைப் பார்த்தார். "ஆர் விட்ட பிழை?"

இருவரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவில்லை.

"ரெண்டு பேரின்ர முறையும் தெரிஞ்ச ஆள் நான்தான் டொக்டர். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அதை எழுதித் தாங்கோ" என்றுவிட்டுப் போனார்.

எழுதினேன். பிறகு இருவரையும் கூப்பிட்டு, இனிப் போட்ட உடனே கையெழுத்து, ரிக்கற்றைத் திருப்புவது இல்லை என்று சொன்னேன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"முதலே சொல்லியிருக்கலாமே எல்சி. நான் என்ன, உன்னைத் திண்டுபோடுவனே?"

சித்தி பரீதா மேசையடிக்கு வந்தார். "நாளைக்கு ஆர் மிஸ்ஸி ஊசி போடுறது?"

"நான்தான்" என்றேன்.

அவர் என் கைகளைப் பார்த்தார். நான் அவற்றை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.