இன்னும் திரை வரவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கேட்டால் மழுப்பத் தோன்றும்.

சில மாதங்களுக்கு முன் உதிரிகளாக வாங்கி வந்து வீட்டில் நானே ஒரு கணினியைக் கோத்தேன். அது இயங்கவில்லை. விசிறிகள் சுற்றின, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்ததில் ஒரு மாலை திரை வெளிச்சமானது. "வந்துடுச்சு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே திரும்பினேன். பின்னால் துணி காய்கிற கொடியும் சாத்திய கதவும் இருந்தன.

நடந்தது அவ்வளவுதான். அப்படியே எழுதினால் அரைப் பக்கம் தேறும். ஆகவே என் நாற்காலியில் வேறொருவரை உட்கார வைத்து, என்னிடம் இல்லாத ஒன்றை அவருக்குக் கொடுத்து எழுதிப் பார்க்கிறேன். என்னிடம் இல்லாதது, கூப்பிட்டுக் கேட்க ஓர் ஆள்.

2

தொடக்கம் ஒன்று: 'விசையை அழுத்தியதும் அறை முழுவதும் நீல வெளிச்சம் பரவி—'

(நிறுத்திவிட்டேன். நீல விளக்கு என் பெட்டியில்தான் இருக்கிறது. அவர் வாங்கியது சாதாரணப் பெட்டி.)

தொடக்கம் இரண்டு: 'மனைவியை இழந்த ஆண்கள் பொதுவாக—'

(பொதுவாக என்ன செய்வார்கள் என்று எனக்கெப்படித் தெரியும்? ஒருவரையே இன்னும் சரியாகத் தெரியவில்லை.)

தொடக்கம் மூன்று. இதை வைத்துக்கொள்கிறேன்:

பல்செட்காரர் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியை நடுவில் வைத்து, அதன்மேல் போர்டைப் படுக்க வைத்தார். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். மயிரிழை கூடினால் நோயாளிக்குச் சோறு இறங்காது, குறைந்தால் பல் தட்டில் விழும். அப்படிப்பட்ட கை கோத்த கணினி ஏன் இயங்கவில்லை என்பது அவருக்கே விளங்கவில்லை.

3

அவரை முதலில் பள்ளிக்கூட வாத்தியாராக வைத்திருந்தேன். வாத்தியார் கணினி முன்னால் உட்கார்ந்ததும் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை, அனுப்பிவிட்டேன். பல்செட்காரர் பேசமாட்டார். அதுதான் அவரிடம் சௌகரியம், அதுதான் அவருடைய சங்கடமும்.

அவர் மனைவிக்கு ஒரே தம்பி. ஓர் இரவு ரயில் தூரத்தில் இருக்கிற ஊரில் லிஃப்ட் மெக்கானிக். அக்காவும் தம்பியும் தினமும் சாயங்காலம் போனில் பேசுவார்கள். பல்செட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மனைவி சிரிப்பது கேட்கும், எதற்கென்று தெரியாது. இத்தனை வருஷமாக அந்தப் பேச்சில் பாதி மட்டுமே அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது.

அவள் போன பிறகும் மச்சான் கூப்பிடத்தான் செய்தார். சாப்பிட்டீங்களா, ம், உடம்பு எப்படி, பரவால்ல. அதற்குமேல் இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். யாராவது ஒருவர் வைக்கிறேன் என்று சொல்லி மற்றவரைக் காப்பாற்றுவார். நாளடைவில் அதுவும் தேய்ந்தது. நடுவில் நின்று இருவரையும் பிடித்திருந்த ஆள் இல்லாதபோது, இவருக்கு அவர் யார், அவருக்கு இவர் யார்?

(இந்தக் கேள்வியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

பழைய கணினி படுத்துவிட்டதால், எதை வாங்கலாம் என்று கேட்க இவரே ஒருநாள் கூப்பிட்டார். மச்சான் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

"ரெடிமேடா வாங்காதீங்க அத்தான். சாமானுக்கு நான் சொல்றேன், நீங்க கோத்துடுங்க. பல்லு கோக்குற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

4

வேலைதான் என்று தெரிந்தது. என்னுடையதைப் போலவே அதுவும் விசிறி சுற்றி, விளக்கு எரிந்து, கறுப்புத் திரையோடு நின்றது.

மச்சான் மறுபடி தினமும் சாயங்காலம் கூப்பிட ஆரம்பித்தார். பல்செட்காரர் போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரோடு உட்காருவார். ஒருநாள் பவர் சப்ளையின் ஒயர்கள், ஒருநாள் திரையின் கேபிள், ஒருநாள் விசையிலிருந்து வருகிற சன்னமான இரண்டு கம்பிகள். அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும், பேச்சு முடியாது. ஒரு வக்கீல் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, உள்ளேயிருந்தபடியே நோட்டீஸ் அனுப்புவேன் என்று மிரட்டியதை மச்சான் சொன்னார். நின்றுபோன லிஃப்டைப் பார்த்த மாத்திரத்தில், அது தானாக நின்றதா எவனாவது கை வைத்து நிறுத்தினானா என்று தன்னால் சொல்லிவிட முடியும் என்றும் பீற்றிக்கொண்டார். பல்செட்காரர் சிரித்தார். மனைவி இத்தனை நாள் எதற்குச் சிரித்தாள் என்பது, கேட்காத மறுபாதியைக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

கடைசியில் ராம் பட்டைக்கு வந்தார்கள். (விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு. போர்டில் உள்ள காடியில், அந்த நீளப் பள்ளத்தில், நிமிர்த்திச் செருக வேண்டும்; இரு முனையிலும் உள்ள கொக்கிகள் கவ்விக்கொள்ளும். தமிழில் நினைவகம் என்பார்கள். அந்தச் சொல்லை வைத்து விளையாட எனக்குக் கை அரிக்கிறது. விளையாடமாட்டேன்.)

நன்றாக அழுத்தினீர்களா என்று மச்சான் கேட்டார். அழுத்தினேன் என்றார் இவர். பொய்யில்லை. அவர் அகராதியில் அழுத்துவது என்றால் அவ்வளவுதான். பிளாஸ்டர் அச்சில் பல் உட்காரவில்லை என்றால் அழுத்தக் கூடாது, தேய்க்க வேண்டும். அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் பல் விரிசல் விட்டது என்று அர்த்தம், செய்த வேலை பாழ். சத்தம் வருவதற்குச் சற்று முன்பே நின்றுவிட அவர் விரல்கள் பழகியிருந்தன.

"ஓரத்துல இம்மி தேய்ச்சுப் பாக்கட்டா?" என்று கேட்டார்.

"அத்தான், அது கடைவாய்ப் பல்லு இல்ல. அரத்தை எடுத்து உள்ள வைங்க முதல்ல."

5

அடுத்த மத்தியானம், சுவரோரம் உருண்ட ஸ்க்ரூடிரைவரை எடுக்க மேசைமேல் எட்டிச் சாய்ந்தபோது, உள்ளங்கையின் முழு பாரமும் அந்தப் பட்டையின் ஒரு முனையில் விழுந்தது.

டக்.

பல்செட்காரருக்கு உயிரே போய்விட்டது. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். விரிசல் இல்லை. முனையில் இருந்த கொக்கி நிமிர்ந்து பட்டையைக் கவ்விப் பிடித்திருந்தது. மறுமுனையில் கொக்கி இன்னும் மல்லாந்தே கிடந்தது. இத்தனை நாளும் இரண்டு முனையுமே காடியின் வாயில் உட்கார்ந்திருந்ததே தவிர உள்ளே போகவில்லை. இன்னும் ஓர் அழுத்து. கட்டைவிரல் போதும்.

கட்டைவிரலை வைத்தார். எடுத்துவிட்டார்.

கொக்கியை விலக்கிப் பட்டையை உருவி, முடித்த பற்களை வைக்கிற டப்பாவில் பஞ்சுக்கு நடுவில் படுக்க வைத்தார்.

சாயங்காலம் போன் வந்தது.

"என்ன அத்தான், திரை வந்துச்சா?"

"இல்ல. அப்படியேதான் இருக்கு."

6

இந்த இடத்தில் எனக்கும் அவருக்கும் தகராறு. மயிரிழைக்குக் கணக்குப் பார்க்கிற மனிதர் இப்படிச் சொல்வாரா? அவருக்கு மரியாதையாக உண்மையைச் சொல்லும் ஒரு வாய்ப்பையும் எழுதிக் கொடுத்தேன். அதில் அவர் திரை வந்துவிட்டது என்கிறார். மச்சானுக்கு ஒரே சந்தோஷம். அருமை அத்தான், நான்தான் சொன்னேன்ல என்கிறார். பிறகு சாப்பிட்டீங்களா என்கிறார். ம் என்கிறார் இவர். பிறகு இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு—

அடித்துவிட்டேன். ஆகவே அந்தப் பொய் என்னுடையது. அவர் வாயில் வைத்தவன் நான். நியாயம் கேட்பவர்கள் என்னைக் கேளுங்கள்.

ஆனால் பொய் சொன்னதற்குப் பலன், நான் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. அந்த வாரத்திலேயே மச்சான், இது போனில் ஆகிற காரியமில்லை, சனிக்கிழமை ரயில் ஏறி நேரிலேயே வந்து பார்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். எதற்கு வீண் அலைச்சல் என்று பல்செட்காரர் சொல்லிப் பார்த்தார். உண்மையிலேயே வராமல் இருந்துவிடுவாரோ என்று பயம் வந்ததும், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இப்போது அவர் நிலையைப் பாருங்கள். பட்டையை அழுத்திவிட்டால் கணினி ஓடும், மச்சான் வர வேண்டிய அவசியம் இல்லை. அப்படியே விட்டுவைத்தால், லிஃப்ட் பார்க்கிற அந்தக் கண் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்துவிட்டு இவர் முகத்தைப் பார்க்கும். ஒன்றும் தெரியாத முட்டாள் என்று நினைக்கலாம், அது போகட்டும். தன்னை மெனக்கெட்டு வரவழைத்த பொய்யன் என்று நினைத்தால், அந்தச் சாயங்காலப் போனும் அத்தோடு சரி.

சனிக்கிழமை ரயில் கிளம்புகிற நேரத்துக்குச் சற்று முன், பல்செட்காரர் மச்சானின் எண்ணைப் போட்டு, மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டார்.

7

முடிவுகள்.

(அ) மச்சான் வருகிறார், அழுத்துகிறார், திரை வருகிறது, இருவரும் சிரிக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நம்ப முடியவில்லை.

(ஆ) மச்சானுக்கு முதல் நாளே தெரியும். விசிறி சுற்றுகிறது, திரை வரவில்லை என்றால் எந்த மெக்கானிக்கும் முதலில் அந்தப் பட்டையைத்தான் கேட்பான். மச்சானோ ஊரையெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் அதற்கு வந்தார். இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே இதன்மேல் சந்தேகமாக இருக்கிறது.

(இ) மச்சான் வரவே—

இல்லை. இதை நான் எழுதமாட்டேன்.

8

ஞாயிற்றுக்கிழமை காலை பல்செட்காரர் டப்பாவைத் திறந்து, பஞ்சை விலக்கி, பட்டையை எடுத்துக் காடியில் வைத்தார். ஒரு முனையை மட்டும் அழுத்தினார். டக். இந்தத் தடவை பயமில்லை. மறுமுனையை அப்படியே தூக்கலாக விட்டார். ஒளித்துவைக்கவும் வேண்டாம், சரிசெய்துவிடவும் வேண்டாம் என்று அவர் கண்ட வழி அது. எனக்கு இது தோன்றவில்லை, அவருக்குத்தான் தோன்றியது.

மணி அடித்தது. கதவைத் திறந்தார்.

மச்சான் நின்றிருந்தார், போன தடவை பார்த்ததற்கு முன்நெற்றி ஏறியிருந்தது. கையில் ஒரு பை. பெரிய பை. ஒரு ஸ்க்ரூடிரைவர் கொண்டுவர அத்தனை பெரிய பை தேவையில்லை. சத்தியமாக அந்தப் பையை நான் திட்டமிடவில்லை. வாசலில் ஆளை மட்டும்தான் எழுதினேன், அவர் அதோடு வந்துவிட்டார்.

பையைச் சுவரோரம் வைத்துவிட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்தார். போர்டைப் பார்த்தார். தூக்கிக்கொண்டிருந்த முனையைப் பார்த்தார். பிறகு அத்தான் முகத்தைப் பார்த்தார். பல்செட்காரர் சர்க்கரை டப்பாவைப் பார்த்தார்.

"ஃபேன் சுத்துதுன்னு முதல் நாளே சொன்னீங்கள்ல?"

"ஆமா."

மச்சான் நாற்காலியை வசதியாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காப்பி போடுங்க அத்தான். மெதுவா பாப்போம்."

பல்செட்காரர் சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். நான் இந்த இடத்தில் கையை எடுத்துக்கொள்கிறேன். (ஆ)தான் சரி என்று சொல்லிவிடவும் எனக்குத் தைரியம் இல்லை. மச்சான் எதை உத்தேசித்து அப்படிக் கேட்டார், இவர் காப்பியோடு வந்து பொய்யை ஒப்புக்கொள்வாரா, அல்லது இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தப் பெரிய பை காலியாகும்வரை போர்டையே பார்த்துக்கொண்டிருப்பார்களா என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. பட்டையின் ஒரு முனை உட்கார்ந்திருக்கிறது. மறுமுனை உங்கள் பக்கம் இருக்கிறது. கட்டைவிரல் போதும். சத்தம் வரும், பயப்படாதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவர் சமையலறையிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு அழுத்துங்கள்.