மஞ்சள் குல்லாய்க்காரர்

"பாதி விலை சுஷியெல்லாம் வாங்கிச் சாப்பிடாதீங்க ரோரி சார். வயித்துக்கு ஆகாது" என்றார் தொகாஷி மேடம், மண்ணெண்ணெய் கணப்பில் கையைச் சூடேற்றிக்கொண்டே.

ரோரி சிரித்து வைத்தான். கடை மூடும் நேரத்தில் போய், பாதி விலைச் சீட்டு ஒட்டிய டப்பாக்களை அவன் பொறுக்குவது உண்மைதான். ஆனால் அதை மேடத்திடம் சொன்னதில்லை.

இது முதல் தடவையும் இல்லை. இலையுதிர் காலத்தில் அலைதடுப்புச் சுவரில் உட்கார்ந்து தூண்டில் போட்டபோது சாப்பிட உதவாத பேத்தை மீனாக மாட்டியது மேடத்துக்குத் தெரிந்திருந்தது. துவைக்கும் இயந்திரம் கெட்டுப்போனதும் தெரிந்திருந்தது. அதெல்லாம் போகட்டும். போன வாரம் கேட்டதுதான் அவன் தூக்கத்தைக் கெடுத்தது.

"ஞாயித்துக்கிழமை கனசாவா போனீங்களாமே? பனியில ரயில் ஒழுங்கா ஓடிச்சா?"

அவன் கனசாவாவுக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. அங்கே ஒரு பெரிய ஆங்கிலப் பள்ளியில் நேர்காணல். இங்கே அரிசிக் கடைக்கு மேல் மாடியில் மேடம் நடத்தும் சின்னப் பள்ளியில் அவன் ஒருவன்தான் வெளிநாட்டு ஆசிரியன். பிப்ரவரி கடைசியில் அடுத்த வருட ஒப்பந்தத்தை மேடம் முடிவு செய்வார். இவன் வேறு இடம் தேடுகிறான் என்று தெரிந்தால் அதோடு சரி. ஒப்பந்தம் இல்லையென்றால் விசா இல்லை. விசா இல்லையென்றால் சொந்த ஊரான அபர்டீனுக்குத் திரும்ப வேண்டும். அங்கே அண்ணன் வேலை செய்யும் மீன் பதனிடும் ஆலையில் இரவு ஷிப்டு காத்திருந்தது. அதை ஒரு வருடம் செய்து பார்த்துவிட்டு ஓடி வந்தவன் அவன்.

யார் போட்டுக்கொடுப்பது?

யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. சுஷி, பேத்தை மீன், கனசாவா ரயில் எல்லாவற்றையும் அவன் ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தான், நேர்காணலைத் தவிர. மியாகோஷி. ஐஸ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமை வகுப்பில் முதல் வரிசை. அறைக்குள்ளும் கழற்றாத மஞ்சள் கம்பளிக் குல்லாய், காது மூட இழுத்துவிட்டிருப்பார். பாடம் முடியும்வரை ரோரியின் வாயையே கண் கொட்டாமல் பார்ப்பார். ஆர்வம் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தான். இப்போது அந்தப் பார்வை வேறு மாதிரி தெரிந்தது.

இருவரும் சந்திப்பது பொதுக் குளியல் கூடத்தில். கூடம் திறந்த கையோடு, கூட்டம் சேரும் முன்பே போய்விடுவார்கள். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சுவர், கூரை வரை எட்டாத சுவர். மாலையில் குடும்பங்கள் வந்தால் அதற்கு மேலாகச் சோப்பு பறக்கும். இவர்கள் போகும் நேரத்தில் பெண்கள் பக்கம் சத்தமே இருக்காது. இருந்தாலும் ரோரிக்குக் கவலையில்லை. பெரியவருக்குப் பயிற்சி ஆகட்டும் என்று அவன் பேசுவது ஆங்கிலம். இந்த ஊரில் ஆங்கிலம் அவனுக்குப் பூட்டிய அறை மாதிரி. பெரியவர் காதருகே கையைக் குவிப்பார். இவன் குரலை உயர்த்துவான். அவர் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவார். சுடுதண்ணீரில் கழுத்துவரை இறங்கிவிட்டால் மனுஷனுக்கு வாயில் பூட்டு நிற்பதில்லை.

சந்தேகம் வந்தபின் அந்தத் தொட்டியிலேயே பொறி வைத்தான். "பெரியவரே, பழைய மோட்டார் பைக் ஒண்ணு வாங்கப்போறேன்" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான். பெரியவர் "யெஸ், யெஸ்" என்றார்.

இரண்டே நாளில் மேடம் ஆரம்பித்தார். "பனி உருகறதுக்குள்ள பைக் எதுக்கு சார்? கை கால் உடைஞ்சா பாடம் யார் எடுக்கிறது?"

அன்று வகுப்பு முடிந்ததும் மியாகோஷி செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேடத்திடம் நீட்டினார். மேடம் குனிந்து வாங்கிக்கொண்டார். கருவாட்டு வாசனை அடித்தது. ரோரி கரும்பலகையைத் துடைத்தபடி ஓரக்கண்ணால் பார்த்தான். உளவு சொல்கிறவனே கூலியும் கொடுப்பானா என்று ஒரு கணம் குழம்பினான். பிறகு, கூட்டு என்றால் எல்லாம்தான் இருக்கும் என்று தேற்றிக்கொண்டான்.

அடுத்த வாரம் கனசாவாவிலிருந்து பதில் வந்தது. வேறு ஒருவரை எடுத்துவிட்டார்களாம். ஆக, மிச்சம் இருந்தது மேடத்தின் ஒப்பந்தம் மட்டும். "வெள்ளிக்கிழமை உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று மேடம் சொல்லியிருந்தார். என்ன விஷயம் என்று சொல்லவில்லை.

வியாழன் பிற்பகல் குளிக்கப் போனபோது பெரியவர் தொட்டிக்குள் இருந்தார். தலையில் மடித்த துண்டு, முகத்தில் சாந்தம். அந்தச் சாந்தம்தான் ரோரிக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"மேடத்துக்கிட்ட எல்லாத்தையும் சொன்னது நீங்கதானே?" என்றான் ஆங்கிலத்தில்.

பெரியவர் காதருகே கையைக் குவித்தார்.

"நீங்கதானே சொன்னீங்க?" ஓடு பதித்த சுவர்கள் அதிர்ந்தன.

"யெஸ், யெஸ்."

"யெஸ்ஸா? கூசாம ஒத்துக்கறீங்களா? வேற ஸ்கூலுக்கு இன்டர்வியூ போனேன்னு மோப்பம் பிடிச்சு அதையும் சொல்லிட்டீங்களா? அந்த அரிசிக் கடை மாடியில இன்னொரு வருஷம் கிடக்க எனக்கு இஷ்டமில்ல, அதையும் சொல்லியாச்சா?"

"யெஸ்."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாளித் தண்ணீரை மெதுவாகத் தரையில் கொட்டினார்கள்.

"இல்ல ரோரி சார்" என்றது ஒரு குரல். நல்ல ஆங்கிலம். "அத இப்ப நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுக்கறேன்."

ரோரி சுவர்ப் பக்கம் திரும்பினான். "மேடம்... நீங்க எப்ப வந்தீங்க?"

"நான் தினமும் இந்த நேரத்துக்குத்தான் வர்றேன். பெரியவர்கிட்ட நீங்க காசு வாங்காமலே அவ்வளவு நேரம் பேசறீங்களேன்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். என் உச்சரிப்புக்கும் நல்லதாச்சே."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே."

"ஆம்பளைங்க குளிக்கிற பக்கம் பாத்து ஒரு ஸ்கூல் நடத்தறவ கத்தறது நல்லாவா இருக்கும்?" மறுபடி ஒரு வாளித் தண்ணீர் கொட்டும் சத்தம். "நாளைக்கு ஒப்பந்தத்தில கையெழுத்து வாங்கலாம்னு இருந்தேன். இனி வேண்டாம். இஷ்டமில்லாதவர வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? ஏப்ரலுக்கு வேற ஆள் பாத்துக்கறேன். கனசாவாவுல நல்லா இருங்க."

"அங்க என்னை எடுக்கல மேடம்."

"அப்படியா" என்றது குரல். "பாவம்."

கதவு உருளும் சத்தம் கேட்டது. அதன்பின் தண்ணீர் சொட்டுவது மட்டும்.

உடை மாற்றும் அறையில் பெரியவர் தன் கூடையிலிருந்து மஞ்சள் குல்லாயை எடுத்தார். அதற்கடியில் தோல் நிறத்தில் இரண்டு சின்னக் கருவிகள். ஒவ்வொன்றாகத் துடைத்துக் காதில் செருகி, மேலே குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தண்ணி பட்டா கெட்டுடும், அதான் உள்ள போட்டுக்கிறதில்ல" என்றார் தன் மொழியில். "இன்னிக்கு ரொம்ப நேரம் பேசினீங்க வாத்தியாரே. ஒண்ணும் காதுல ஏறல."

ரோரி சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி நின்றான். "அப்புறம் ஏன் எல்லாத்துக்கும் யெஸ் யெஸ்ன்னீங்க?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! விளங்கலேன்னா ஊமை மாதிரி உக்காராதீங்க, எதையாவது சொல்லிப் பேச்ச ஓட்டுங்கன்னு வகுப்புல உயிர வாங்கினது நீங்கதானே?"

அவர் பூட்ஸுக்குள் காலை நுழைத்தார். வெளியே மறுபடி பனி பிடித்திருந்தது.

"பாடத்துக்கு நேரமாச்சு, வாங்க. இன்னிக்குச் சொன்னத அங்க இன்னொரு தரம் சொல்லுங்க வாத்தியாரே. முழுசாக் கேக்கறேன்."