மாமன் மடி

கிட்டுசாமியின் செருப்பு மூன்றாம் முறை இறங்கியபோது பாண்டித்துரையின் கீழுதடு கிழிந்தது. பிணவறை வாசலில் நின்றிருந்த சொந்தக்காரர்களில் ஒருவர்கூடத் தடுக்கவில்லை, அவர் மகள் தரணி உட்பட. உள்ளே தரணியின் தம்பி பிரபாகரை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எம்பையனக் கொன்னுபோட்டு இங்கயே வந்து நிக்கறியாடா?"

"கயிறு அப்பவே கழண்டுருச்சுய்யா," என்றான் பாண்டித்துரை.

அவன் கிட்டுசாமியின் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிறுகளில் பிரபாகர் தொங்கிப் பறக்கும், பாராசூட் மாதிரித் துணி விரிந்த பாராகிளைடரில் கயிறு கட்டி, ஜீப்பால் இழுத்து மேலேற்றுகிறவனும் அவன்தான். கயிறு நேரத்துக்குக் கழலவில்லை, இழுத்தவன் கவனிக்கவில்லை என்று ஆஸ்பத்திரி வருவதற்குள் பேச்சாகிவிட்டது. ஏட்டு அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

காலையில் உடுமலைப்பேட்டைத் தோட்டத்தில் தரணியின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மாமன் வானத்தில் வந்து, பந்தல்மேல் பூத்தூவி, பிறகு இறங்கி உட்காருவதாக ஏற்பாடு. காற்றாலைக்குப் பின்பக்கம் மட்டும் வர வேண்டாம், அங்கே காற்று சுழலும் என்று பாண்டித்துரை இரண்டு தரம் சொன்னான். அந்தக் காத்தாடியே எங்களுதுதான்டா, என்னையவே தள்ளிவிடுமா என்று பிரபாகர் சிரித்தான்.

கயிறு கழன்றபின் பத்து நிமிடம் நிம்மதியாகத்தான் சுற்றினான். தூவிய பூவெல்லாம் தென்னைகளின் மேல் விழுந்தது. தரணி பாண்டித்துரையிடமிருந்து வாக்கிடாக்கியைப் பிடுங்கினாள்.

"இன்னுங் கீழ வாடா. பந்தல் இந்தப் பக்கம்."

"குடுங்கக்கா, வேணாம்," என்று பாண்டித்துரை கை நீட்டினான்.

பிரபாகர் பந்தலைப் பார்த்துத் தாழ்ந்து, காற்றாலைக்குப் பின்னால் திரும்பினான். மிச்சப் பூவைக் கவிழ்க்க இரண்டு கைப்பிடிகளையும் விட்டான். மேலே துணி ஒரு பக்கம் மடிந்தது. மோட்டார் ரூம் சுவரில் அவன் மோதிய சத்தம் மேளத்தை மீறிக் கேட்டது. ஹெல்மெட் உடையவில்லை. தலை மட்டும் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது.

நான்காம் அடி கண்மேல் விழுந்தது. பாண்டித்துரை தரணியை ஒருமுறை பார்த்தான். உடனே தரையைப் பார்த்தான். அவன் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"அவன உடுங்கப்பா. நாந்தானுங்க தம்பியக் கீழ கூப்புட்டேன். அவனும் கைப்பிடிய உட்டுட்டானுங்க."

கிட்டுசாமி திரும்பினார். செருப்பு அவள் கன்னத்தில் அறைந்தது. தோடு தெறித்துப் படியில் உருண்டது. மறுபடி ஓங்கிய கை அப்படியே நின்றது. செருப்பைக் கீழே போட்டவர், அதை மாட்டிக்கொள்ளாமலே சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

ஏட்டு எழுதிய தாளை மடித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். பேர் சொல்லும்மா என்றார். சொன்னாள். கையெழுத்தும் போட்டாள்.

காரில் யாழினி பட்டுப்பாவாடையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு காதுகளிலும் ஆசாரி பேனாவால் வைத்த நீலப் புள்ளிகள். தரணி முந்தானை நுனியை எச்சிலில் நனைத்துத் துடைத்தாள். ஒன்று அழிந்தது. மற்றது மங்கிப்போய் அங்கேயே இருந்தது.