கஞ்சிக்கு வந்த தீர்ப்பு

கிடியன் லவியின் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் எல்ஸ்பெத் தினமும் ஒரே ஜெபத்தைத்தான் செய்வாள். "ஆண்டவரே, இந்த மனுஷன்மேல அன்பு வேணும்னு நான் கேக்கல. அது என்னால ஆகாது. கை நடுங்காம இருந்தாப் போதும்." ஆமென் சொல்லிவிட்டு, கையுறைப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்குவாள்.

அந்த ஸ்காட்லாந்துத் துறைமுக ஊரில் இருந்த மற்ற கோயில்கள் எதுவும் கிடியனுடைய சபைக்காரர்களின் கணக்கில் சேராது. அங்கே போகிறவர்கள் எல்லாரும் வெளியார். வெளியாரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. சுவர் ஒட்டிய வீட்டில் குடியிருக்கக் கூடாது. கழிவுநீர்க் குழாய்கூடத் தனியாக ஓட வேண்டும். பரலோகம் போகிறவர்களின் சாக்கடை மற்றவர்களின் சாக்கடையோடு கலந்துவிட்டால் என்ன ஆவது? அதற்காகத் தெருவையே தோண்டிப் போட்ட மகான்கள் அவர்கள். தோண்டச் சொன்னவர், சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவரான கிடியன்.

எல்ஸ்பெத்தைச் சபையைவிட்டு வெளியே தள்ளியவரும் அவர்தான். அவளுடைய தம்பி ரேடியோவில் பாட்டுக் கேட்ட குற்றத்துக்காக ஏற்கெனவே சபையிலிருந்து நீக்கப்பட்டவன். அவன் புற்றுநோயில் கிடந்தபோது இவள் கட்டிலோரம் உட்கார்ந்து, அவனுக்கு ஊட்டிய கிண்ணத்திலிருந்தே தானும் சூப் குடித்தாள். ஜன்னல் வழியாக யாரோ ஒரு பரிசுத்தவான் அதைப் பார்த்துவிட்டார். மூப்பர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"அவனோட சேந்து சாப்பிட்டியா?" என்று கேட்டார் கிடியன்.

"சாப்பிட்டேன்."

"அதுக்கு வருத்தப்படுறியா?"

"உப்பு கம்மியா இருந்துச்சு. அதுக்கு வேணா வருத்தப்படுறேன்."

அன்று மாலையே சபை அவளைத் தலைமுழுகியது. அவள் விதவை. ஒரே மகள் ரோடா சபையோடு தங்கிவிட்டாள். பிறகு கிடியனின் மகனையே கட்டிக்கொண்டாள். கல்யாணத்தை எல்ஸ்பெத் தெருவின் எதிர்ப்பக்கத்தில், மழையில் நின்று பார்த்தாள். அதன்பிறகு ரோடா அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வெளியே வந்த எல்ஸ்பெத் கர்த்தரை அவர்கள் கையில் விட்டுவிட்டு வரவில்லை, கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மேட்டின்மேல் இருந்த வேறொரு கோயிலுக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே கிடாரும் பிஸ்கட்டும்தான் அதிகம். போதகர் பாவம் என்ற சொல்லைச் சொல்வதற்குக்கூட மன்னிப்புக் கேட்கிற ஆள். அவரையும் அவளுக்கு மதிக்கத் தெரியவில்லை. ஆனாலும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். வீட்டில் ஒற்றைத் தட்டை வைத்துக்கொண்டு, எதிரே யாரோ இருப்பதுபோல் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிட்டாள். எதிர் நாற்காலியில் ரோடா ஒரு நாள் உட்கார வேண்டும் என்பதுதான் அந்த ஸ்தோத்திரத்தின் கடைசி வரி.

கிடியனுக்குப் பக்கவாதம் வந்தது. சபைச் சகோதரிகள் கொஞ்ச நாள் பாட்டுப் பாடிக்கொண்டே வந்து தூக்கினார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டதும் பாட்டும் நின்றது, ஆட்களும் நின்றார்கள். வெளியார் வந்து குளிப்பாட்டினால் தீட்டில்லையாம். பராமரிப்பு வேலைக்கு ஊர்க் கவுன்சில் அனுப்பியது, அங்கே அந்த வேலை பார்த்துவந்த எல்ஸ்பெத்தை. வேறு வீடு வேண்டுமா என்று மேலதிகாரி கேட்டபோது வேண்டாம் என்றாள். இரக்கமெல்லாம் இல்லை. இங்கே வந்தால், மாமனார் வீட்டிலேயே குடியிருக்கும் மகளின் முதுகையாவது பார்க்கலாம்.

முதுகைத்தான் பார்த்தாள். கார் நிற்கிற சத்தம் கேட்டதும் ரோடா கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கி மேசையில் வைத்துவிட்டு, பின்கட்டுத் துணி துவைக்கும் அறைக்குள் போய்விடுவாள்.

கிடியனுக்குப் பாதி வாயில் உணர்ச்சி கிடையாது. ஒரு நாள் சூட்டில் நாக்கு வெந்து போனது. அதன்பிறகு எல்ஸ்பெத் முதல் கரண்டியைத் தன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு ஊட்டப் போனாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். பக்கவாதம் அவருக்கு மிச்சம் வைத்த சில சொற்களில் ஒன்றைச் சொன்னார்: "வேணாம்."

விஷயம் மூப்பர்களுக்குப் போயிற்று. ஒரு கரண்டி ஓட்ஸ் கஞ்சிக்காக வயது வந்த ஆண்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு கூடிப் பேசினார்கள். மறுநாள் நார்மன் வாட் என்ற மூப்பர் தீர்ப்போடு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"ருசி பாக்குறதும் சாப்பிடுறதுதான். வெரலால தொட்டுப் பாக்கலாம். வாயில வைக்கக் கூடாது."

"விழுங்காமத் துப்பிட்டா?"

நார்மன் உண்மையிலேயே யோசித்தார். "அதைப் பத்தி நாங்க பேசல."

"பேசுங்க நார்மன். இன்னொரு கூட்டம் போட்டாப் போச்சு."

அடுத்த நாள் காலை கஞ்சியின் மேல் தடித்த ஆடை படிந்திருந்தது. எல்ஸ்பெத் விரலால் தொட்டாள். ஆடை ஆறியிருந்தது. அடியில் கொதிக்கிறது என்று அவளுக்குத் தெரியும், கஞ்சி காய்ச்சத் தெரிந்த எவளுக்கும் தெரியும். தீர்ப்புப்படி தொட்டாயிற்று. இனி வெந்தால் அது நார்மனின் பாடு. கரண்டியை ஆழமாக விட்டு எடுத்தாள். கிடியன் குருவிக்குஞ்சுபோல் வாயைத் திறந்தார். என்ன சுகமாக இருந்தது அந்த நொடி! அவர்கள் சட்டத்தாலேயே அவர்கள் நாக்கைப் பொசுக்கலாம், யாரும் கேட்க முடியாது.

கை நடுங்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் இதற்காகவா கேட்டாள்?

கரண்டியைத் திருப்பித் தன் வாயில் வைத்தாள். நாக்கு பொசுங்கிக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"சூடா இருக்கு. பொறுங்க," என்றாள்.

"வேணாம்," என்று கிடியன் வாயை மூடிக்கொண்டார். "வேணாம்."

"அப்பப் பட்டினி கெடங்க. எனக்கென்ன?" என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை. கஞ்சியைக் கிளறி ஊதிக்கொண்டே இருந்தாள். மூன்று தடவை கரண்டியை நீட்டினாள். மூன்று தடவையும் வாய் திறக்கவில்லை.

பின்கட்டுக் கதவு திறந்தது. ஈரக் கையோடு ரோடா உள்ளே வந்தாள். எவ்வளவு நேரமாகக் கதவிடுக்கில் நின்றாளோ தெரியாது. அம்மாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். கஞ்சியை அள்ளித் தன் வாயில் போட்டு, நிதானமாக விழுங்கினாள்.

"ரோடா," என்றார் கிடியன். "வேணாம்."

"சூடு ஆறிருச்சு மாமா," என்றாள். கரண்டியைத் திருப்பிக் கொடுத்தாள். "ஊட்டுங்கம்மா."

எல்ஸ்பெத் கரண்டியை வாங்கிக் கஞ்சியை அள்ளினாள். இதை அவர் நார்மனிடம் எப்படியாவது சொல்லிவிட்டால் ரோடாவும் தெருவுக்கு வந்துவிடுவாள். கரண்டியை நீட்டினாள்.

கிடியன் மருமகளைப் பார்த்தார். பிறகு எல்ஸ்பெத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். கிருபையா வெறும் பசியா என்று அவள் ஆராயவில்லை. ஊட்டினாள், மோவாயைத் துடைத்தாள், மறுபடி ஊட்டினாள்.

"இப்ப மூணு பேரும் ஒரே கிண்ணத்துல சாப்ட்டாச்சு," என்றாள். "யாரு போய்ச் சொல்லப் போறீங்க?"

கிடியன் மென்று விழுங்கினார். நல்ல பக்கத்து உதடு கோணியது.

"உப்பு," என்றார். "கம்மி."

ரோடா உப்பு டப்பாவை எடுத்து வந்தாள். பின்கட்டுக்குப் போகவில்லை. அம்மாவின் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.