ஜாடிக்குள் ஆறு பேர்

மல்சுன் தன் மாமியாரின் சோயா சாஸ் ஜாடியை ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது பெருந்தன்மையால்தான். அப்படித்தான் அவள் எல்லோரிடமும் சொன்னாள். கொடுத்தால் ‘வழங்கியவர்: போங் மல்சுன்’ என்று பித்தளைத் தகடு அடித்து வைப்பார்கள் என்று முன்பே விசாரித்து வைத்திருந்ததை மட்டும் சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு நடையாவது போய், தகட்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வருவாள்.

அந்தத் தகட்டுக்குத்தான் வேட்டு வைத்தது புதுக் கருவி. வருகிறவர்களின் கழுத்தில் ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். எந்தப் பொருளின் முன் நிற்கிறோமோ அதன் கதையைச் சொல்லும். அதோடு நின்றால் தேவலை. யார் எங்கே எத்தனை நிமிடம் நின்றார் என்று கோளும் சொல்லிவிடும். ஆட்கள் நிற்கிற இடமெல்லாம் வாசல் திரையில் சிவக்கும். எதிர்வீட்டு யங்ரே கொடுத்த கல்யாணக் கிரீடம் மிளகாய் விழுதாகச் சிவந்து கிடந்தது. ஜாடி இருந்த மூலையோ உரித்த முள்ளங்கி.

“மாசக் கடைசியில எது ரொம்ப வெளுப்போ, அது கிடங்குக்குப் போயிடும்மா” என்றார் காப்பாளர் குன்ஹோ.

“தகடு?”

“அது மட்டும் இங்க இருந்து என்ன பண்ணும்?”

யங்ரே ஆறுதல் சொல்ல ஓடி வந்தாள். “விடுங்கக்கா. ஜாடி யார் வீட்டுலதான் இல்ல? கிரீடம் அப்படியா?”

மல்சுன் விடுகிற ஆளா? மாதக் கடைசி நாளன்று உடற்பயிற்சி வகுப்புத் தோழிகள் ஐந்து பேரைக் கூட்டிப் போனாள். ஆறு கருவிகளையும் வாங்கி, ஜாடி மூடியை நகர்த்தி உள்ளே போட்டு மூடினாள். பிறகு தோட்டத்துக் கதவு வழியாக எல்லோரையும் வெளியே தள்ளிக்கொண்டு போய், ஆளுக்கொரு கிண்ணம் குளிர்ந்த நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாள்.

மூடும் நேரத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால், ஜாடி மூலை தகதகவென்று சிவப்பு. குன்ஹோவின் முகமும்தான்.

“ஆறு பேர் இன்னும் உள்ள இருக்காங்கம்மா! திரையில ஆள் இருக்கிற புள்ளி போகாம கதவப் பூட்டக்கூடாது. கழிவறை வரைக்கும் தேடியாச்சு!”

கிரீடத்தைக் கண்குளிரப் பார்த்துவிட்டு வந்த யங்ரே, கழுத்துக் கருவியைக்கூடக் கழற்றாமல் வேடிக்கை பார்த்தாள். குன்ஹோ ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். ஜாடிக்குள்ளிருந்து ஆறு பெண்குரல்கள் ஒன்றாகக் கிளம்பின: “இந்த ஜாடி எண்பது ஆண்டுகள் ஒரே குடும்பத்தில்...”

“அக்கா!” என்றாள் யங்ரே. அந்த ஒரு சொல்லில் அடுத்த ஒரு மாதத்துக்கான ஊர்ப்பேச்சு இருந்தது.

குன்ஹோ மூடியைத் தூக்கி, தோள்வரை கையை விட்டுத் துழாவினார். துழாவிய கை நின்றது. “என்ன வாசனைம்மா இது! காலியா கிடந்தும் இன்னும் போகலியே!” ஆறையும் எடுத்துவிட்டுக் கண்டிப்பான குரலை வரவழைத்துக்கொண்டார். “இதுங்க கணக்க அழிச்சுட்டேன். இதுக்கு அடுத்த வெளுப்பு அந்தப் பழைய தராசு. அதை முந்த இன்னும் பதினேழு நிமிஷம் வேணும். நிஜமா யாராவது நிக்கணும்.”

மல்சுன் வாசல் பக்கம் பார்த்தாள்; தோழிகள் எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தார்கள். அதற்குள் யங்ரே ஜாடிக்குள் மூக்கை நுழைத்தாள்.

“உப்பு கூடிப்போச்சு. எங்க வீட்டுது இதைவிட நல்லா மணக்கும்.”

வேறு நாளாயிருந்தால் அங்கேயே மயிர்ப்பிடிச் சண்டைதான். மல்சுன் வாயைத் திறந்தாள். யங்ரேயின் கழுத்துக் கருவியில் மினுக்கிய பச்சை விளக்கு கண்ணில் பட்டது. திறந்த வாய் தேனாயிற்று.

“அப்படியா யங்ரே? நீ எப்படித்தான் போடுவ? சோயாப் பயறு ஊறவைக்கிறதுலருந்து சொல்லேன்.”

தன் கைப்பக்குவத்தை யாராவது கேட்டால் யங்ரேக்கு வீடுவாசல் மறந்துவிடும். அவள் உப்புக்கு வந்தபோது மூலை இளஞ்சிவப்பு. வெயிலில் வைப்பதற்கு வந்தபோது தராசு பின்தங்கிவிட்டது. குன்ஹோ சிரிப்பை அடக்கிக்கொண்டு பூட்டைச் சட்டைப்பைக்குள் போட்டார். ஜாடியின் மூடியை இனித் திறந்தே வைப்பதென்றும் முடிவு செய்துகொண்டார்.

“அதுக்கப்புறம்?” என்றாள் மல்சுன், தகட்டைக் கைக்குட்டையால் துடைத்தபடி.