ஆல்டன் தூக்கிய கை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை; அதில் பிறந்தது இந்தக் கதை. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் எங்கள் ஊர்ப் புல்வெளிக்கு இரு பக்கமும் இரண்டு தேவாலயங்கள். ஒன்று வெள்ளையடித்த பழைய மரக் கட்டடம், பெட்டி போலத் தாழ்வாக, அலங்காரமில்லாமல் இருக்கும். அங்கே பின்வரிசைத் தும்மல் முன்வரிசைக்குக் கேட்கும். மற்றது கூர்வளைவுகளோடு நெடுநெடுவென உயர்ந்த கல் கட்டடம். அங்கே பேச்சையெல்லாம் எதிரொலி விழுங்கிவிடும்.

2

கூர்வளைவு என்பது மனித ஆன்மாவை மேல்நோக்கி...

(வேண்டாம். நான் என்ன வகுப்பா எடுக்க வந்தேன்?)

ஆள் குறைந்துபோய் இரண்டு சபைகளும் ஒன்றாகிவிட்டன. எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று கை தூக்கி முடிவுசெய்ய வேண்டும். கூட்டத்துக்குத் தலைவி வெர்னா. அவள் கணவர் ஆல்டனுக்குக் காது போய்க்கொண்டிருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.*

"காதுக்கு மெஷின் வாங்கித் தொலையேன்."

"எதுக்கு? நீ திட்டுறது இன்னும் தெளிவாக் கேக்கவா?"

"ஊருக்குத் தெரிஞ்சா தலையா போயிடும்?"

"பாட்டுக்குழுவிலேர்ந்து தூக்கிடுவாங்க. மரக் கோயில்ல எனக்கு இன்னும் ராகம் பிடிபடுது, அது போதும். என் கை அதுக்குத்தான். நீ வாயைத் திறக்காதே."

* முதல் வரைவில் ஆல்டன் ஒரு சிடுமூஞ்சி. மனசு கேட்கவில்லை, மாற்றிவிட்டேன்.

3

குளிர் என்பதால், கணப்பு வேலைசெய்யும் கல் கோயிலில் கூட்டம் நடந்தது.

"மரக் கட்டடம் வேணும்கிறவங்க!" என்றாள் வெர்னா. குரல் கூரைக்கு ஏறி அங்கேயே தங்கிவிட்டது. கை தூக்கியவர்களெல்லாம் ஆல்டனுக்குப் பின்னால்; அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கல் கட்டடம்!"

அவருக்கு இரு பக்கமும் இருந்தவர்கள் கை தூக்கினார்கள். ஆல்டன் இடமும் வலமும் பார்த்தார், அவசரமாகத் தானும் தூக்கினார். ஐயோ, பாவி மனுஷா! அந்த ஒரு கையால்தான் கல் ஜெயிக்கிறது. அது மரத்துக்குப் போயிருந்தால் மரம்.

4

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில், "அவனுக்குக் கேக்கலை" என்று வெர்னா சொல்லிவிடுகிறாள். மரக் கோயில் பிழைக்கிறது. ஆல்டன் அவள் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு நடக்கிறார்.

இன்னொன்றில் அவள் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆல்டன் கல் கோயிலுக்குள் நின்று, எல்லோரும் முடித்த பிறகும் பாடிக்கொண்டு...

இரண்டையும் கிழித்துவிட்டேன். எனக்குத் தாங்கவில்லை.

"என்ன வெர்னா, எண்ணியாச்சா?" முன்வரிசையிலிருந்து யாரோ கேட்கிறார்கள்.

ஆல்டன் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார், சரியாகத்தானே தூக்கினேன் என்பது போல. இப்போது அவள் இடத்தில் நீங்கள்தான் நிற்கிறீர்கள். சொல்லுங்கள். அவர் இன்னும் கையை இறக்கவில்லை.